குடல், கர்ப்பப்பைப் புற்று: கட்டியோடு நிற்காமல் குடும்பத்தையும் கேளுங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ரயில் நிலையச் சுவர், மேம்பாலத் தூண், மூடிக் கிடக்கும் கடையின் ஷட்டர் என்று எங்கே திரும்பினாலும் ஒரு சுவரொட்டி கண்ணில் படும். ‘மூலம், பவுத்திரம்: ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்று கொட்டை எழுத்து, கீழே ஒரு செல்போன் எண். மலத்தோடு ரத்தம் போவதைப் பார்த்தவர் வெட்கத்தை விட்டு யாரிடமாவது சொல்வதற்கே சில வாரம் ஆகிவிடும். அப்புறமும் ‘உடம்புச் சூடு’ என்று மோரும் வெந்தயமும். அதற்கும் அடங்காவிட்டால் தெருமுனை மெடிக்கலில் ஒரு களிம்பு. அதன் பிறகுதான் அந்தச் செல்போன் எண். பெரும்பாலானவர்களுக்கு அது மூலமாகவே இருந்து ஆறிப்போகும். சிலருக்கு அது பெருங்குடல் புற்று. அந்தச் சிலரிலும் ஒரு சிறு பகுதியினருக்கு, அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ பிறக்கும்போதே வந்த மரபணுக் கோளாறுதான் காரணம். அவர்களை அடையாளம் காண வழி இருந்தும், நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் அதைத் தேடுவதே இல்லை.

குடல் புற்றை வேறு ஏதோ என்று நினைத்து நாளைக் கடத்துவது இங்கே பழைய கதை. சென்னையின் புற்றுநோய் சிகிச்சை வரலாற்றுக்கே அப்படியொரு தவறு பின்னணியில் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1920-களின் தொடக்கத்தில் மலக்குடல் புற்றால் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்றே நினைத்தார்கள். உண்மை தெரிந்தபோது நோய் கைமீறியிருந்தது. உடனிருந்து பார்த்த அக்கா தாமே மருத்துவர் என்பதால் அந்த வேதனை இரட்டிப்பானது. அவர் விடாமல் அலைந்து திரட்டிய முயற்சிதான் 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. அந்தத் தங்கைக்கு நோய் குடும்ப வழியில் வந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு அதைக் கண்டறியச் சோதனை ஏதும் கிடையாது. ஆனால் இன்று இளம் வயதில் ஒருவர் மலக்குடல் புற்றோடு வந்து நின்றால், ‘வீட்டில் வேறு யாருக்காவது?’ என்று கேட்காமல் விடுவதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

அந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1895-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த நோய்க்குறியியல் மருத்துவர் ஆல்ட்ரெட் வார்தின், தம் வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் பெண் முகம் வாடியிருப்பதைப் பார்த்து என்ன விஷயம் என்று விசாரித்தார். தன் உறவினர் பலரும் குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்து செத்ததாகவும், தனக்கும் அதே கதிதான் என்றும் அவர் சொன்னார். சொன்னபடியே இளம் வயதில் கர்ப்பப்பைப் புற்றால் இறந்தும் போனார். வார்தின் அந்தக் குடும்பத்தின் வரலாற்றை ஆள் ஆளாகத் தேடித் தொகுத்து 1913-இல் வெளியிட்டார். மருத்துவ உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1960-களில் ஒமாகாவைச் சேர்ந்த டாக்டர் ஹென்றி லிஞ்ச் இதேபோன்ற பெரிய குடும்பங்களைப் பற்றி எழுதத் தொடங்கியபோதும், சுற்றுச்சூழல்தான் காரணமாக இருக்கும் என்று பலர் ஒதுக்கினார்கள். அவர் விடவில்லை. 1993-இலும் 1994-இலும் எம்.எஸ்.எச்.2, எம்.எல்.எச்.1 என்ற மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு வாதத்துக்கே இடமில்லாமல் போயிற்று. அந்தத் தையற்காரப் பெண்ணின் வழித்தோன்றல்களிடமும் எம்.எஸ்.எச்.2 பிழை இருப்பது 2000-ஆம் ஆண்டில் உறுதியானது. இன்று இந்தக் கோளாறுக்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர்.

நடப்பது இதுதான். ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. தொகுப்பு மறுபடி படியெடுக்கப்படுகிறது. அவ்வளவு எழுத்தில் பிழை விழாமல் இருக்காது. பத்திரிகை அலுவலகத்தில் மெய்ப்புப் பார்ப்பவரைப் போல, விழுந்த பிழையைப் பிடித்துத் திருத்த உடம்பில் சில புரதங்கள் உண்டு. எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்ற நான்கு மரபணுக்கள் அவற்றை உண்டாக்குகின்றன. எப்கேம் என்ற ஐந்தாவது மரபணுவில் ஒரு பகுதி அறுந்துபோனால் பக்கத்திலிருக்கும் எம்.எஸ்.எச்.2 முடங்கிவிடும். ஒவ்வொரு மரபணுவிலும் நமக்கு இரண்டு பிரதிகள். ஒன்று பழுதோடு பிறந்தவருக்கு மற்றது வேலை செய்யும்வரை ஒன்றும் தெரியாது. குடலின் உட்சுவரிலோ கர்ப்பப்பையின் உட்சுவரிலோ ஏதாவது ஒரு செல்லில் இரண்டாவதும் கெட்டுவிட்டால், பிழைகள் திருத்தப்படாமல் குவியத் தொடங்கும். ஒரே எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வரும் இடங்களில் இது பளிச்சென்று தெரியும். அந்த இடங்கள் நீண்டோ குறுகியோ தாறுமாறாகிக் கிடக்கும். அதைத்தான் பரிசோதனைக்கூடத்தில் அடையாளமாகப் பிடிக்கிறார்கள்.

எம்.எல்.எச்.1 அல்லது எம்.எஸ்.எச்.2 பழுதோடு பிறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 75 வயதுக்குள் குடல் புற்று வருகிறது. எம்.எஸ்.எச்.6 பழுதான பெண்களுக்குக் குடலைவிடக் கர்ப்பப்பையில்தான் ஆபத்து அதிகம்: நூற்றுக்கு நாற்பது பேர் அளவில். பி.எம்.எஸ்.2-இல் இரண்டுமே குறைவு. மேலை நாடுகளின் கணக்குப்படி சுமார் 280 பேரில் ஒருவருக்கு இந்த நான்கில் ஏதோ ஒன்று பழுதாக இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆவடியில் சுமார் மூன்றரை லட்சம் பேர் இருந்தார்கள். அதே விகிதம் இங்கும் பொருந்துமானால், அந்த ஓர் ஊரில் மட்டும் ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இந்தப் பழுது போய்ச் சேர வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆணா பெண்ணா என்ற வித்தியாசம் கிடையாது. இங்கேதான் நம் வீடுகளில் ஒரு பெரிய தவறான நம்பிக்கை. கர்ப்பப்பை நோய் என்றால் தாய் வழியில்தான் வரும் என்று நினைக்கிறோம். அப்பாவைப் பெற்ற பாட்டிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. அப்பாவுக்கு எழுபது வயதிலும் ஒரு குறையும் இல்லை. மகளுக்கு நாற்பத்து இரண்டில் கர்ப்பப்பைப் புற்று. மருத்துவர் ‘அம்மாவுக்கு உண்டா?’ என்று கேட்பார், இல்லை என்ற பதிலோடு விஷயம் முடிந்துவிடும். அப்பா வழியைத் துருவ யாருக்கும் தோன்றாது.

கேட்டாலும் பதில் சரியாக வருவதில்லை. அரசு மருத்துவமனை ஓ.பி.யில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது, ‘குடும்பத்துல யாருக்காவது கேன்சர் இருக்கா?’ என்ற கேள்விக்கு ‘இல்ல சார்’ என்பதே சுலபமான பதில். அத்தை எதனால் இறந்தார் என்றால் ‘வயித்து வலியில போயிட்டாங்க’ என்பார்கள். பெரியப்பாவுக்கு ‘குடல் புண்ணு’. டெத் சர்டிபிகேட்டில் மாரடைப்பு. கன ஊர்தித் தொழிற்சாலை ஆவடியில் 1961-இல் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அதே பத்தாண்டில் வளர்ந்தது. வேலைக்காகத் தென் மாவட்டங்களிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் ஆந்திர எல்லையிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் மூன்றாம் தலைமுறை இப்போது இங்கே வாழ்கிறது. ஊரில் யார் எப்படிப் போனார்கள் என்ற நினைவு வழியிலேயே கரைந்துவிட்டது. தெரிந்ததையும் சொல்லத் தயக்கம். வீட்டில் கல்யாண வயதில் பெண் இருந்தால், ‘கேன்சர் குடும்பம்’ என்ற பேச்சு தெருவில் கிளம்பிவிடக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பயத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த மௌனத்துக்கு விலை கொடுப்பது அதே பெண்தான்.

பெண்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. முப்பத்தைந்து வயது ஆணுக்கு ரத்தசோகை என்றால் எங்கோ ரத்தம் கசிகிறது என்று மருத்துவர் சந்தேகப்படுவார். பெண்ணுக்கு என்றால் இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுவார். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். அந்தக் கூட்டத்துக்குள் குடலில் மெல்ல ரத்தம் கசியும் ஒருத்தியைத் தனியே பார்ப்பது கடினம். மாதவிலக்கு நின்ற பிறகு மறுபடி ரத்தம் பட்டாலும் ‘மிச்சம் இருந்தது போகுது’ என்று விட்டுவிடுகிறார்கள். அதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். கர்ப்பப்பைப் புற்றின் முதல் எச்சரிக்கை பெரும்பாலும் அதுதான்.

அரசின் வீடு தேடிவரும் பரிசோதனைகள் இவர்களைப் பிடிக்குமா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் தெருவுக்குள் வந்து பார்த்தது பெரிய காரியம். புற்றுநோயில் அரசின் பரிசோதனை வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் என்ற மூன்றோடு நிற்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்று வேறு, கர்ப்பப்பையின் உட்சுவரில் வரும் புற்று வேறு. முன்னதற்குக் காரணம் ஒரு வைரஸ். சென்னையில் பல பத்தாண்டுகளாக அது இறங்குமுகத்தில் இருக்கிறது. உட்சுவர்ப் புற்று கூடிக்கொண்டு வருகிறது. வாய்ப்பகுதியில் மருந்து தடவிப் பார்த்து ‘நார்மல்’ என்று அனுப்பப்பட்ட பெண், கர்ப்பப்பை முழுவதும் நன்றாக இருப்பதாக நம்பிக்கொண்டு வீடு போகிறாள். குடலுக்கு அந்த அளவு பரிசோதனையும் இல்லை.

ஊரில் எல்லாருக்கும் மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. தேவையும் இல்லை. நடைமுறையில் எளிய வழி ஒன்று ஏற்கெனவே மருத்துவமனைக்குள்ளேயே இருக்கிறது. குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்று என்று ஆபரேஷன் செய்யும்போது, வெட்டியெடுத்த சதையை மெழுகில் பதித்துப் பேத்தாலஜி துறையில் ‘பிளாக்’ ஆகப் பத்திரப்படுத்துகிறார்கள். அதிலிருந்து மெல்லிய சீவல்களை எடுத்து, நான்கு புரதங்களுக்கும் தனித்தனிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் போதும். புரதம் இருந்தால் செல்லின் கரு பழுப்பாகத் தெரியும். இல்லாவிட்டால் வெளிறிக் கிடக்கும். மார்பகப் புற்றுக்கு ஹார்மோன் ஏற்பியும் ஹெர்2-உம் பார்க்க இதே முறையைத்தான் மருத்துவமனைகள் அன்றாடம் பயன்படுத்துகின்றன. புதிய கட்டடமோ வெளிநாட்டுக் கருவியோ கேட்கவில்லை. சாயத்தில் இன்னும் நான்கு, அதைப் படிக்கப் பயிற்சி, அதற்கென ஓர் ஆணை. பிரிட்டன் 2017-இல் குடல் புற்று வந்த எல்லாருக்கும், 2020-இல் கர்ப்பப்பைப் புற்று வந்த எல்லாருக்கும் இதைச் செய்யச் சொல்லிவிட்டது. குடும்ப வரலாற்றை நோயாளி சரியாகச் சொல்வார் என்று காத்திருக்கும் முறை தோற்றதால்தான் அந்த முடிவு. ஞாபகமும் துணிச்சலும் நேரமும் குறைவாக உள்ள நம் ஓ.பி.களுக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

‘இருக்கிற நோயாளிக்கே படுக்கை போதவில்லை, இதில் மரபணு வேறா?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் இந்தச் சோதனையால் முதல் லாபம் அந்த நோயாளிக்கே. இந்தப் புரதங்கள் இல்லாத குடல் புற்றில், இரண்டாம் கட்டத்தில் வழக்கமான ஒரு கீமோ மருந்தைத் தனியே கொடுத்துப் பலன் கிடைப்பதில்லை. வீணாகத் துன்பப்படுத்தாமல் விடலாம். முற்றிய நோய்க்கு உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகள் நன்றாக வேலை செய்கின்றன. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை 2022-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய மலக்குடல் புற்றுள்ள 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை மட்டும் கொடுத்தார்கள். ஆபரேஷனோ கதிர்வீச்சோ இல்லாமலே 12 பேரிடமும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. இந்த மருந்துகளின் விலை இன்று ஏழைக்கு எட்டாது. எந்த நோயாளிக்கு அது பலிக்கும் என்றே தெரியாமல் விலை குறைப்புக்கோ இலவசத்துக்கோ போராடக்கூட முடியாது.

சாயம் ஏறவில்லை என்றதும் ‘பரம்பரை நோய்’ என்று முத்திரை குத்திவிடக் கூடாது. வயதானவர்களுக்கு எம்.எல்.எச்.1 பல சமயம் தானாகவே அடங்கிப்போயிருக்கும். பிள்ளைகளுக்கு அதனால் ஒன்றும் இல்லை. அதைப் பிரித்தறிய இன்னொரு சோதனை வேண்டும். அதன் பிறகே ரத்தம் எடுத்து மரபணுவைப் பார்க்க வேண்டும். அங்கேயும் ஒரு தொந்தரவு: ‘மாற்றம் இருக்கிறது, அது கெட்டதா சாதாரணமா என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை’ என்று ரிப்போர்ட் வரலாம். உலகத் தரவுத்தொகுப்புகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களின் டி.என்.ஏ.வை வைத்து உருவானதால் இந்தியர்களுக்கு இந்தக் குழப்பம் கூடுதலாக நேர்கிறது. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் டாக்டர் தங்கராஜன் ராஜ்குமார் தலைமையில் 2000-களின் தொடக்கத்திலேயே இந்தியக் குடல் புற்று நோயாளிகளின் எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 மரபணுக்களை ஆராய்ந்தார்கள். 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுப்பைக் கொண்ட ‘ஜீனோம் இந்தியா’ தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. இவையெல்லாம் ஓ.பி. அறை வரை வந்துசேர, ரிப்போர்ட்டை உட்கார்த்திவைத்துத் தமிழில் விளக்கிச் சொல்லும் மரபணு ஆலோசகர்கள் ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனியான அவசரம் ஒன்று இருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் செய்வது இந்தியாவிலேயே அதிகமாக நடக்கும் மாநிலங்களில் நம்முடையது ஒன்று. ஐந்தாவது குடும்பநல ஆய்வில் நான்கில் ஒரு திருமணத்துக்கும் மேல் அப்படிப்பட்டது. கணவன், மனைவி இருவருமே ஒரே பாட்டியிடமிருந்து அதே பழுதைச் சுமந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பிரதியும் பழுதாக வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அத்தகைய குழந்தைக்குப் புற்று நாற்பது வயது வரை காத்திருக்காது. பள்ளிப் பருவத்திலேயே மூளைக் கட்டி, ரத்தப் புற்று, குடல் புற்று என்று வருகிறது; உடம்பில் காபி நிறத் தேமல்கள் முன்னாலேயே தெரியலாம். இது அபூர்வம்தான். ஆனால் பாட்டியின் கட்டியை அன்றே சோதித்திருந்தால் முன்கூட்டியே அறிந்திருக்கக்கூடிய அபூர்வம்.

தெரிந்து என்ன செய்வது? செய்ய நிறைய இருக்கிறது. பின்லாந்தில் இத்தகைய குடும்பங்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி செய்துகொண்டவர்களிடம் குடல் புற்று 62 சதவீதம் குறைந்தது. புற்றாக மாறும் முன்பே சிறு மொட்டுகளை அங்கேயே கத்தரித்துவிடுவதால் கிடைத்த பலன் அது. இப்போது எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 பழுதுள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்தே ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறார்கள். முதல் நாள் பேதி மருந்தைக் கலந்து லிட்டர் கணக்கில் குடிப்பதுதான் அதில் பெரிய கஷ்டம். பரிசோதனையின்போது மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள். பிள்ளை பெற்று முடித்த பெண்கள் நாற்பதையொட்டிய வயதில் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிடுவது பற்றி மருத்துவரோடு பேசலாம். ஆஸ்பிரின்கூட உதவுகிறது. பிரிட்டனின் நியூகாசிலைச் சேர்ந்த ஜான் பர்ன் 861 பேரை வைத்து நடத்திய ஆய்வில், பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 13 சதவீதம் பேருக்கும் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 9 சதவீதம் பேருக்கும் குடல் புற்று வந்திருந்தது. மருத்துவர் சொல்லாமல் யாரும் அதைத் தானாக விழுங்கக் கூடாது. வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம்.

ரிப்போர்ட்டைக் காட்டினால் இன்சூரன்ஸ் மறுத்துவிடுவார்களோ என்ற பயம் மாதச் சம்பளக் குடும்பங்களில் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், மரபணுக் கோளாறு என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது அரசியல் சட்டத்துக்கு முரணான பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், அந்தக் காரணத்துக்காகக் கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அமெரிக்கா 2008-இல் இதற்கெனத் தனிச் சட்டமே போட்டது. நம் நாடாளுமன்றமும் அதைச் செய்ய வேண்டும். வேலைக்கு எடுப்பதிலும் இந்தப் பாகுபாடு கூடாது என்று அதில் எழுத வேண்டும்.

பூந்தமல்லியிலிருந்து ஒரே நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி, கடைசியில் சென்ட்ரல் எதிரே ஜி.எச்.; மேற்கே போனால் காஞ்சிபுரம் காரப்பேட்டை புற்றுநோய் மருத்துவமனை. மூன்றும் அரசினுடையவை. இந்த மூன்று இடங்களிலும் குடல், கர்ப்பப்பைப் புற்று ஆபரேஷன் ஒவ்வொன்றுக்கும் அந்த நான்கு சாயங்களைக் கட்டாயமாக்கித் தொடங்கலாம். பூந்தமல்லியிலேயே இருக்கும் பொதுச் சுகாதார நிறுவனம் களப்பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் இடம். பாட்டி, தாத்தா, அத்தை, மாமா என்று மூன்று தலைமுறையை இரு வழியிலும் விசாரித்துக் குறித்துக்கொள்ள அங்கே சொல்லிக்கொடுக்கலாம்.

மிச்சம் இருப்பது பணம். சிக்கல் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருப்பவரைவிட அவருடைய தம்பி, தங்கையிடம்தான். அக்காவின் பழுது இன்ன இடத்தில் என்று தெரிந்துவிட்டால், தம்பிக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவு மிகக் குறைவு. ஆனால் அம்பத்தூர் பட்டறையில் ஷிப்ட் வேலை பார்க்கும் முப்பது வயதுத் தம்பிக்கு இன்று ஒரு நோயும் இல்லை. முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருவது நோய் வந்தவரின் சிகிச்சைக்கு. இ.எஸ்.ஐ.க்கு மாதந்தோறும் அவர் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளியிடமிருந்து 3.25 சதவீதமும் போகிறது. அங்கேயும் அவர் உடம்பு சரியில்லை என்று போய் நின்றால்தான் நோயாளி. ஒரு நாள் சம்பளத்தை விட்டு, கைக்காசு போட்டு, வலியே இல்லாத குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க அவர் ஏன் வர வேண்டும்? லிஞ்ச் உறுதியான குடும்பத்தில் ரத்த உறவுகளின் மரபணுச் சோதனையையும், பழுது உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து கொலனோஸ்கோபியையும் இந்த இரண்டு திட்டங்களும் தங்கள் பட்டியலில் சேர்க்க வேண்டும். கொலனோஸ்கோபி நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பும் வேண்டும். அக்காவின் டிஸ்சார்ஜ் சம்மரியோடு, உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கத் தமிழில் ஒரு பக்கக் கடிதத்தை மருத்துவமனையே தர வேண்டும்: எந்த மரபணு, எங்கே போய்ப் பார்ப்பது, எந்தக் கிழமை, யாரைக் கேட்பது.